இரண்டு பென்ஸ் நிலம்

மேசை மேல் செப்புக் காசுகளைக் கொட்டியிருந்தார். எல்லாம் இரண்டு பென்ஸ் காசுகள். இடது கையில் சுண்டுவிரல் நகமளவு ஒரு காந்தம். ஒவ்வொரு காசாக எடுத்து அதனிடம் காட்டினார். ஒட்டினால் பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று. ஒட்டாவிட்டால் ஓரமாக ஒதுங்கியது. ஒதுங்கியவற்றை அள்ளி மனைவியின் கைப்பையில் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

1992க்கு முன்னால் அடித்த காசு வெண்கலம், காந்தத்தை மதிக்காது. அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலானவை எஃகு, மேலே செப்புப் பூச்சு. அவருக்கு வேண்டியது எஃகுக் காசு. விட்டம் 25.9 மில்லிமீட்டர். ஒரு சிப்பாய் பொம்மை காலை அகட்டி நிற்க அது தாராளம். பெட்டியின் அடியில் காந்தத் தாளை ஒட்டிவிட்டால் கார் குலுக்கலிலும் படை சரியாது. கடையில் இதற்கென்றே பிளாஸ்டிக் வட்டம் விற்கிறார்கள். காசு கொடுத்து வட்டம் வாங்குவதைவிடக் காசையே வட்டமாக வைத்துக்கொள்வது அவருக்கு லாபம்.

ராணியின் முகம் கீழே போகும்படி வைத்துத்தான் ஒட்டுவார். ராணி தலையில் ராணுவம் கால் வைக்கக் கூடாது என்று நினைத்தாரோ, என்னவோ. நான் கேட்கவில்லை.

கேட்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. நாட்டிங்ஹாமில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வரப் போனவன். பகலில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மரவேலி. முதல் வாரம் ஒரு நாள், எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் அரிசி களைவதைப் போல ஒரு சட்டியில் எதையோ களைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மணல். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வா என்று கையை ஆட்டினார். மறுநாளிலிருந்து அவருடைய தோட்டக் கொட்டகையில் எனக்கென்று ஒரு மடக்கு நாற்காலி இருந்தது.

ராலே சைக்கிள் ஆலையில் வேலை பார்த்தவர். அந்தப் பெயரைச் சொன்னதும் நான் தலையாட்டினேன். என் அப்பாவிடம் ஒரு ராலே இருந்தது. கடைசிவரை அதைத் துடைத்தபடியே இருந்தார். 2002இல் நாட்டிங்ஹாமில் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இவர் கை நிற்கவில்லை. சிப்பாய் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, மேசை மேல் பழைய போர்களை நடத்திப் பார்ப்பதுதான் இப்போது வேலை. பகடை உருட்டி, அடிக்கோல் வைத்து அளந்து நகர்த்தும் ஆட்டம் அது.

திருப்பூருக்குப் பனியன் போல நாட்டிங்ஹாமுக்குச் சிப்பாய் என்றான் மகன். சுற்றுவட்டாரத்தில் அத்தனை வார்ப்புக் கம்பெனிகள். ஈயத்தில் வார்த்த காலத்தை நினைத்து ஆட்டக்காரர்கள் இந்தப் பகுதியை ‘ஈயப் பட்டை’ என்றே சொல்வார்களாம். 1975இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனியின் தலைமையகம் இந்த ஊர் லென்டன் பகுதியில்தான் இருக்கிறது. 1983இல் அவர்கள் கொண்டுவந்த வார்ஹாமர் ஆட்டம் உலகெங்கும் பரவியது. 2024 டிசம்பரில் லண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு கம்பெனிகளின் பட்டியலில் அந்தக் கம்பெனி சேர்ந்தது. பொம்மைதானே என்று சொல்லிவிட முடியாது.

சிப்பாய் விலைக்குக் கிடைப்பான். பாதத்திலிருந்து கண் வரைக்கும் 28 மில்லிமீட்டர். பொத்தான் தெரியும், மீசை தெரியும், துப்பாக்கியின் குதிரை தெரியும். அவன் நிற்கும் தரைதான் கூட வராது. அதை ஆட்டக்காரரே செய்துகொள்ள வேண்டும். ‘பேஸ்’ என்கிறார்கள். அதற்கும் கடையில் பொட்டலம் பொட்டலமாக மண், புல், கல், பனி எல்லாம் உண்டு. என் பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கமே போவதில்லை. அவருடைய நிலம் முழுக்க வீட்டுக் குப்பையிலிருந்து வந்தது.

கொட்டகைச் சுவரில் நான்கு வரிசை ஜாம் பாட்டில்கள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் எழுதிய சீட்டு. மணல், மூன்று அளவு. டீத்தூள். தக்கைத் துண்டு. முட்டை ஓடு. மரத்தூள். ஐஸ் குச்சி. பழைய பல்துலக்கியிலிருந்து பிடுங்கிய நார். நைந்த சணல் கயிறு. காய்ந்த ஓமவல்லி மாதிரி ஏதோ ஒரு மூலிகை. எங்கள் அம்மாவின் அஞ்சறைப் பெட்டி ஞாபகம் வந்தது. அதிலும் எதையும் எடுத்தால் எடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

மணல் அடுத்த தெருவில் வீடு கட்டியவர்கள் மிச்சம் விட்டது. மூன்று முறை களைந்து, செய்தித்தாளில் பரப்பிக் காயவைத்து, முதலில் மாவுச் சல்லடையில் சலித்தார். பிறகு டீ வடிகட்டியில். தூள், மணல், பொடிக்கல் என்று மூன்றாகப் பிரிந்தது. கடற்கரை மணலென்றால் இன்னும் அதிகம் கழுவ வேண்டுமாம். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 மில்லிமீட்டர் ஆளுக்கு ஒரு மில்லிமீட்டர் மணல் என்பது நமக்கு ஆறு சென்டிமீட்டர் கல். அதையே எங்கும் தூவினால் சிப்பாய் கருங்கல் ஜல்லியில் நிற்பான். தூளை மட்டும் தூவினால் உப்புத்தாள் மேல் நிற்பது போலிருக்கும். மூன்றும் கலந்தால்தான் அது தரை.

காசின் மேல் வெள்ளைப் பசை, நம் ஃபெவிகால் ஜாதி. பூட்ஸ் மேல் படாமல் பழைய தூரிகையால் தடவுவார். மணல் டப்பாவுக்குள் சிப்பாயை முழங்கால்வரை அமுக்கி எடுப்பார். ஒரு தட்டு, ஒரு ஊது. ராத்திரி முழுக்கக் காயும். மறுநாள் அதே பசையைத் தண்ணீர் விட்டு இளக்கி மேலே சொட்டுவார். அப்போதுதான் மணல் உதிராது. பிறகு கரும்பழுப்பு. அது காய்ந்ததும் வெளிறிய பழுப்பைத் தூரிகையில் தொட்டு, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய ஒன்றுமில்லை என்ற நிலையில் மணல் மேல் இழுப்பார். மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும். பள்ளம் இருட்டாகவே இருக்கும். மூன்றாவது இழுப்பு எலும்பு நிறத்தில். அந்த இழுப்பில்தான் காசு மறைந்து மண் வருகிறது. எத்தனையோ முறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் முன்னால் சாய்ந்துகொள்வேன்.

ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பார். வடிகட்டிய இலை ஜன்னலோரத் தட்டில் காயும். முழுக்கக் காயாமல் பாட்டிலில் போட்டால் பூசணம் பிடித்துவிடும். காய்ந்த பிறகு அது காட்டில் உதிர்ந்த சருகு. எதிர்ச் சாரியில் ஒரு பிர்ச் மரம். கோடைக் கடைசியில் அதில் வால் வாலாகக் காய் தொங்கியது. அதில் நான்கைந்தைப் பறித்து வந்து உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். உதிர்ந்த செதில்களைக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மூன்று முனை கொண்ட குட்டி இலை. அளவெடுத்து வெட்டியது போல. தெருவைப் பெருக்குகிறவர் வாரத்துக்கு ஒரு கூடை அள்ளிக்கொண்டு போகிறார். ஒயின் பாட்டில் தக்கையைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்தால் பாறை. முட்டை ஓட்டைச் சிமிட்டியில் பதிப்பது போலப் பசையில் பதித்து விரலால் அழுத்தி நொறுக்கினால் பழைய முற்றத்துக் கல்தரை. ஐஸ் குச்சியைப் பிளேடால் கீறி அடுக்கினால் கப்பல் தளம்.

எல்லாமே சரியாக வந்ததில்லை. மேல் தட்டில் அவர் தூக்கிப் போடாமல் வைத்திருக்கும் ஒரு வரிசை உண்டு. பூனைக் கழிவுக்கு வீட்டில் போடுகிற களிமண் குருணை பார்ப்பதற்கு இடிபாடு போலவே இருக்கிறதே என்று ஒட்டிவிட்டார். அது ஈரத்தைக் குடித்து ஊதும் வகை. பசை ஈரம் பட்டதும் ஊதி, ஒரு பீரங்கிக்காரனைக் கணுக்காலோடு பெயர்த்துவிட்டது. இன்னொரு கும்பல் 1812இல் மாஸ்கோவிலிருந்து திரும்பும் பிரெஞ்சுக்காரர்கள். பனிக்கு ஆப்பசோடாவை வெள்ளைப் பசையில் குழைத்திருந்தார். செய்த அன்று பளீரென்று இருந்திருக்கும். நான் பார்த்தபோது பழைய வேட்டி நிறம். ஆப்பசோடாவை உடனே ஒட்டும் பசையோடு சேர்த்தால் வேறு விஷயம்; சூடு பறக்க நொடியில் கல்லாகிவிடும். குதிரைக் குளம்புக்கடியில் இருந்த ஓட்டையை அப்படித்தான் அடைத்தார்.

அவர் விலை கொடுத்து வாங்கும் ஒரே விளைச்சல் புல். பொடிப் பொடியாக நறுக்கிய நைலான் இழை. சும்மா தூவினால் படுத்துவிடும். நிற்கவைக்க மின்சாரம் வேண்டும். நம் ஊரில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கையில் எடுப்போமே, அதே கொசு பேட். அதைப் பிரித்து, ஒரு கம்பியை இரும்பு டீ வடிகட்டிக்கும் இன்னொன்றை ஈரப் பசை தடவிய காசுக்கும் கொடுத்திருந்தார். வடிகட்டியில் இழையைப் போட்டு, பொத்தானை அழுத்தியபடி மேலே ஆட்டினார். விழுந்த இழையெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது போல நிமிர்ந்து நின்றது. வடிகட்டியைத் தொட்டுவிடாதே என்று எனக்குச் சைகை காட்டினார். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை முயல வேண்டாம் என்பது என் பங்கு எச்சரிக்கை.

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வரும். “என் வடிகட்டி எங்கே? இது மூன்றாவது.” இவர் பதில் சொல்லமாட்டார். தூரிகையைக் கொஞ்சம் மெதுவாக அலசுவார்.

கால்மிதி விவகாரம் பெரிது. ஒரு மத்தியானம் ரொட்டி அறுக்கும் கத்தியால் எதையோ அறுத்துக்கொண்டிருந்தார். நார் பறந்தது. கிட்டே போவதற்குள் வாசனை வந்துவிட்டது. தென்னை நார். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நார் மில் வாசலில் மட்டை ஊறிக் காய்கிற அந்த வாசனையில்தான் பள்ளிக்கூடம் போனோம். திருப்பிப் பார்த்தேன். ரப்பர் அடிப்பக்கத்தில் இந்தியாவில் செய்தது என்று அச்சு. வாசல் கதவுக்கு முன்னால் கிடந்த மிதியடியின் ஒரு முழம் இப்போது மேசை மேல் வயலாகக் கிடந்தது. சிப்பாய்களை அதற்குள் நிறுத்தினார். தோள்வரை மறைந்தது.

அது ரை வயல். நம் கம்பு போல ஆளுயரம் வளரும் ஒரு தானியம். 1815 ஜூன் 16, பெல்ஜியத்தில் காத்ர் ப்ரா நாற்சந்தி. நாளை அறுக்கலாம் என்ற பதத்தில் உயர்ந்து நின்ற ரைக்குள் ஆங்கிலப் படை நின்றது. எதிரே வருவது யார் என்று தெரியவில்லை. பிரெஞ்சுக் கவசக் குதிரைப்படை மேலே வந்து விழுந்தபோது 69ஆம் படைப்பிரிவு தன் கொடியைப் பறிகொடுத்தது. கால்மிதியை அறுத்தது விளையாட்டுக்கு இல்லை. அந்த வயல் இல்லாமல் அந்தச் சண்டை விளங்காது.

இரண்டு நாள் கழித்து வாட்டர்லூ. முந்தின இரவு முழுக்க மழை. தரை கொஞ்சம் இறுகட்டும் என்று நெப்போலியன் காத்திருந்தான். தாக்குதல் தொடங்கும்போது பகல் பதினொன்றரையை ஒட்டிவிட்டது. பீரங்கிக் குண்டு காய்ந்த தரையில் பட்டுத் தெறித்துத் தெறித்து வரிசையைச் சாய்க்கும், சேற்றில் புதைந்துவிடும். அதனால் வாட்டர்லூ சிப்பாய்களுக்கு வேறு தரை. மிதிபட்ட நார், கரிய மண், அங்கங்கே மனைவியின் நிறமில்லா நகப்பூச்சு ஒரு சொட்டு. காய்ந்த பிறகும் அது ஈரமாகவே தெரியும். நகப்பூச்சு காணாமல் போனது பற்றி அன்று பேச்சு எழவில்லை.

தரை மேல் இந்தக் கவலை இவரோடு தொடங்கியதும் இல்லை. வில்லியம் சைபோர்ன் என்ற ஆங்கில அதிகாரி 1830இல் எட்டு மாதம் வாட்டர்லூ களத்திலேயே ஒரு பண்ணை வீட்டில் தங்கி நிலத்தை அளந்தார். பிறகு போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் படை எங்கே நின்றது, எதிரி எப்படி நின்றான் என்பதோடு, உங்களைச் சுற்றி என்ன பயிர் இருந்தது என்றும் கேட்டார். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உலோகச் சிப்பாய்களோடு அவர் செய்த மாதிரி 1838இல் லண்டனில் காட்சிக்கு வந்தது. அவரைக் கடனிலும் தள்ளியது. இப்போது செல்ஸீயில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனான். எல்லோரும் சிப்பாயைப் பார்த்தார்கள். நான் குனிந்து பயிரைப் பார்த்தேன்.

அதற்கும் முன்னால் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு மணலைக் குவித்து மேடும் பள்ளமுமாக்கி அதன் மேல் போர் ஆட்டம் நடத்திக் காட்டினார். அரசரும் பார்க்க ஆசைப்பட்டார். அரசர் முன்னால் ஈர மணலை எப்படிக் கொட்டுவது? 1812இல் ஆறடிச் சதுரத்தில் மேசை செய்து, நிலத்தைப் புடைப்பாக வார்த்து வண்ணமிட்ட ஓடுகளை அதில் அடுக்கிக் கொடுத்தார். என் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க அரசர் யாரும் வரப்போவதில்லை. அவர் மணலிலேயே இருக்கிறார்.

புதன்கிழமை சாயங்காலம் தேவாலயத்துக் கூடத்தில் ஆட்டம். ஒரு முறை போனேன். பச்சைத் துணி விரித்த மேசைகள், பகடைச் சத்தம், பத்துப் பன்னிரண்டு பேர். இருபது வயதுப் பையன் ஒருவன் குனிந்து ரை வயலைத் தொட்டுப் பார்த்தான். விரலை மோந்தான். “கால்மிதியா?” என்றான். இவர் கழுத்துவரை சிவந்து போனார். அது வெட்கம் இல்லை, பெருமை என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது புதுப் பெட்டி ஒன்றைத் திறந்தார். 24 சிப்பாய்கள். சிவப்புக் கோட்டு, அரைக்கால் சட்டை, நீலத் தலைப்பாகை, காலில் பூட்ஸ் இல்லை. மதராஸ் சிப்பாய்கள். வரைபடம் ஒன்றை விரித்துக் காவிரி நடுவே இருந்த தீவில் விரலை வைத்தார். ஸ்ரீரங்கப்பட்டினம், 1799 மே 4. திப்பு விழுந்த நாள். அந்த ஆண்டுதான் எங்கள் கோயம்புத்தூர்ச் சீமையும் கும்பினி கைக்குப் போயிற்று. எங்கள் பாட்டன் முப்பாட்டன் நிலவரியை யாரிடம் கட்டுவது என்பது அந்த மத்தியானத்தில் மாறியது.

“அங்கே மண் என்ன நிறம்?” என்று கேட்டார்.

மூன்று மாதத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி. வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய், வாசல் படியோரம் உடைந்து கிடந்த பூந்தொட்டியின் ஓட்டை எடுத்து வந்து மேசை மேல் வைத்தேன். பார்த்தார். பேசாமல் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டினார். சல்லடை, பிறகு வடிகட்டி. மூன்று காசுகளில் மூன்று விதமாகத் தூவினார். ஒன்றில் தொட்டித்தூள் மட்டும். ஒன்றில் அதோடு காய்ந்த காப்பிச் சக்கை. ஒன்றில் மணலும் சேர்த்து. மூன்றையும் என் முன்னால் தள்ளினார்.

முதலாவது ஆரஞ்சு. மூன்றாவது எந்த ஊர் மண்ணாகவும் இருக்கலாம். இரண்டாவதைத் தொட்டு, “இன்னும் கொஞ்சம்” என்றேன். தமிழில்தான் சொன்னேன். காப்பிச் சக்கையை இன்னும் ஒரு சிட்டிகை போட்டார். தலையாட்டினேன்.

கடைசியில் வழக்கம்போல ஒரு பச்சைப் புல் கொத்தை ஒட்டப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். மே மாதம். மழை இறங்கவில்லை. ஆற்றிலேயே இறங்கி நடந்துதான் கோட்டைக்குப் போனார்கள். கால்மிதியிலிருந்து நான்கு நாரைப் பிடுங்கிக் கொடுத்தேன். காய்ந்த கோரை. ஒட்டிவிட்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறுநாள் 24 பேரும் ஜன்னலோரத்தில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். தொட்டி உடைந்தது. காப்பி குடித்துவிட்டுப் போட்டது. நார் கால்மிதியிலிருந்து வந்தது. நிலத்துக்கு ஆன மொத்தச் செலவு, பசை நீங்கலாக, 48 பென்ஸ்.